எண் 211 உயிரோடுதான் இருக்கிறாள்

மதிப்பிற்குரிய பத்திரிகாசிரியர், சகோதரி பிரையன்னா அவர்களுக்கு,

அயோவாவிலிருந்து லவோன் ஹெகன் எழுதிக்கொள்வது. நலம். எல்லோரும் இந்த வார்த்தையை எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். நான் அப்படிப் போக முடியாது, ஏனென்றால் நான் நலம் என்பதுதான் இந்தக் கடிதத்தின் விஷயமே. தாங்களும் தலைமையகத்துச் சகோதரிகள் அனைவரும் நலமாகவும், முக்கியமாக நல்ல கண்பார்வையோடும் இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

நமது தீட்டா மியூ சகோதரியர் சங்கத்தின் வசந்தகால இதழ், நாற்பத்தாறாம் பக்கம், ‘அணைந்த சுடர்கள்’ என்ற தலைப்பின் கீழே, மூன்றாவது வரியில் என் பெயர் இருக்கிறது. கன்னிப்பெயர் ஸ்டென்சன், சேர்ந்த வருஷம் 1967, எல்லாம் சுத்தமாகப் போட்டிருக்கிறீர்கள், ஒரு எழுத்துப் பிழை கிடையாது. செத்துப்போனேன் என்பது மட்டும்தான் பிழை. அது போதாதென்று பத்து நாள் கழித்து ‘லவோன் அவர்களின் குடும்பத்தாருக்கு’ என்று தங்கள் கடிதம் வேறு. இந்த வீட்டில் குடும்பத்தார் என்றால் நானும் ஒரு பூனையும்தான், பூனைக்குப் படிக்க வராது என்பதால் நானே பிரித்தேன். என்னுடைய தங்க பேட்ஜ், எண் 211, தபாலில் வந்து சேர்ந்ததாம். கூட என் மகள் ஒரு துண்டுச் சீட்டு வைத்திருந்தாளாம்: ‘அம்மா போய்ட்டாங்க. இது உரியவங்க கையில சேரணும்னு கடைசியா சொன்னாங்க.’ உறுப்பினர் காலமானால் பேட்ஜ் சங்கத்துக்கே உரியது என்ற விதியை மறக்காமல் காப்பாற்றிய மகளுக்கு நன்றி என்று எழுதியிருந்தீர்கள். சகோதரி, எனக்கு மகளே கிடையாது. இரண்டு மகன்கள், சீட்டு எழுதுகிற ரகம் இல்லை. பேட்ஜ் என் வீட்டு அங்கியின் உள்பக்கம் குத்தியபடி, இதை எழுதும்போதும் என்னோடுதான் இருக்கிறது. எங்கள் காலத்தில் கற்றுக்கொடுத்தபடி, இதயத்துக்கு மேலே.

இதனால் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். எங்கள் சர்ச்சில் மேவிஸ் என்று ஒருத்தி, அவளும் நம் சங்கம்தான். அவள் இதழைப் பார்த்தது திங்கட்கிழமை. செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்குள் என் வாசலில் மூன்று தட்டு வேகவைத்த கறியும் உருளைக்கிழங்கும். துக்க வீட்டுக்கு அதைத்தானே கொண்டுபோகிறோம். நாலாவது தட்டை மேவிஸே எடுத்து வந்தாள். கதவைத் திறந்தது நான். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “ஓ, நீ இருக்கியா”ன்னு கேட்டதுல கொஞ்சம் ஏமாத்தம் இருந்த மாதிரிதான் எனக்குப் பட்டது. அப்புறம், “சரி, செஞ்சது செஞ்சாச்சு, வெச்சுக்கோ”ன்னு கையில திணிச்சுட்டுப் போயிட்டா. பாதிரியார் அதுக்குள்ள பாட்டே தேர்ந்தெடுத்துட்டார், எனக்குப் பிடிக்காத பாட்டு. டென்வர்ல இருக்கிற பெரியவன் போன் பண்ணி, “அம்மா, நீ செத்துட்டியா?”ன்னு கேட்டான். இல்லப்பான்னேன். “சரி, அப்ப ஞாயித்துக்கிழமை பேசறேன்”னு வெச்சுட்டான். பூனையும் நானும் ஒன்பது நாள் அந்த உருளைக்கிழங்கையே சாப்பிட்டோம்.

அனுதாபக் கடிதங்கள் மட்டும் நாற்பத்தொன்று வந்தன. நாற்பது வருஷமாக ஒரு வரி எழுதாதவர்கள் எல்லாம் எழுதியிருந்தார்கள். நான் எவ்வளவு ஒல்லியாக இருந்தேன் என்று ஒருத்தி எழுதியிருக்கிறாள். பொய், இருந்தாலும் அதை இரண்டு தரம் படித்தேன். காப்பி போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு நாளும் தபால் வண்டிக்குக் காத்திருந்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நான் காத்திருந்தது ஒரே ஒரு கடிதத்துக்கு. அது வரவே இல்லை. மார்லிஸ் குப்கே எழுதவில்லை. செத்த பிறகும் மன்னிக்காத பிறவியை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்துவிட்டேன்.

மார்லிஸ் யாரென்று தங்களுக்குத் தெரிய நியாயமில்லை. 1967 செப்டம்பரில், கல்லூரியில் சங்கங்கள் புதுப் பெண்களைப் பார்த்துப் பொறுக்குகிற வாரத்தில், கடைசி நாள் தேநீர் விருந்துக்கு வெள்ளைக் கையுறை இல்லாமல் வரக்கூடாது என்று அழைப்பு அட்டையில் போட்டிருந்தது. எங்கள் பண்ணையில் கையுறை என்றால் மாட்டுக் கொட்டகைக்கு. நான் வரிசையில் நின்றுகொண்டு, திரும்பிப் போய்விடலாமா என்று பார்க்கிறேன். எனக்கு முன்னால் நின்ற பெண், முன்பின் தெரியாதவள், என் கையைப் பார்த்தாள். தன் இடதுகைக் கையுறையைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். “உள்ள போனதும் இன்னொரு கைய முதுகுக்குப் பின்னால வெச்சுக்கோ. யாராவது கேட்டா, எங்க ஊர்ல இப்படித்தான்னு சொல்லு.” நாங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு கையுறையோட உள்ள போனோம், ஒத்தைக் கையாலேயே தேநீர் குடிச்சோம், கேக் சாப்பிட வழியில்லாம பசியோட வெளிய வந்தோம். ரெண்டு பேரையும் எடுத்துக்கிட்டாங்க. பேட்ஜ்ல அடுத்தடுத்த எண், சங்க விடுதியில அவளுக்கும் எனக்கும் ஒரே அறை. எனக்கு மகள் மட்டுமில்லை, கூடப்பிறந்த அக்கா தங்கையும் கிடையாது. சகோதரின்னு சங்கம் சொன்ன வார்த்தைய மத்தவங்க எப்படி எடுத்துக்கிட்டாங்களோ, நான் அப்படியே நம்பிட்டேன்.

அடுத்த அக்டோபர்ல மெழுகுவத்திச் சுத்து வந்தது. இப்பவும் செய்யறீங்கதானே? யாருக்கோ கல்யாணம் நிச்சயமாகியிருக்கும், யாருன்னு சொல்ல மாட்டாங்க. எல்லாரும் வட்டமா நின்னு பாடிக்கிட்டே ஏத்தின மெழுகுவத்திய கைமாத்துவாங்க, நிச்சயமானவ தன் கைக்கு வரும்போது ஊதி அணைப்பா. அன்னைக்கு மெழுகுவத்தியச் சுத்தி யாரோ சாமந்திப் பூ கட்டியிருந்தாங்க. எனக்குச் சாமந்தி ஆகாது. மூணாவது சுத்துல என் கைக்கு வந்தது, தும்மிட்டேன். சுடர் அணைஞ்சுபோச்சு. முப்பத்தெட்டு பொண்ணுங்க ஒரேயடியா கத்தினாங்க. என்னைத் தூக்கிட்டுப் போய், நிச்சயமானவளுக்குச் செய்யற மாதிரி, உடுத்தின துணியோட குழாயடியில நிறுத்திட்டாங்க. பின்னாடியே ஓடிவந்த மார்லிஸையும் சேர்த்துப் பிடிச்சுத் தள்ளினாங்க. தங்கத்துல தண்ணி படக்கூடாதுன்னு விடுதித் தாயார் திருமதி வாண்டெவீர் குறுக்க விழுந்து எங்க ரெண்டு பேர் பேட்ஜையும் கழட்டித் தன் ஏப்ரன் பையில போட்டுக்கிட்டாங்க. தலை துவட்டின பிறகு ஆளுக்கொண்ணா திருப்பிக் கொடுத்தாங்க. மெழுகுவத்தி எனக்கு அடுத்துப் போக வேண்டியது மார்லிஸ் கைக்கு. நிச்சயமாகியிருந்தது அவளுக்கு.

வெறும் தும்மல்தான்னு நான் உடனே சொல்லியிருக்கலாம். அஞ்சு நிமிஷம் சொல்லல. பிரையன்னா, என்னை யாரும் கட்டிக்க வரப்போறதில்லன்னு அப்ப நான் நினைச்சிருந்த காலம். முப்பத்தெட்டு பேர் எனக்காகப் பாடறாங்க, கட்டிப்பிடிக்கறாங்க. அது எனக்குப் பிடிச்சிருந்தது. யாரு மாப்பிள்ளைன்னு கேட்டப்பதான் உண்மைய உளறினேன். அதுக்குள்ள பாட்டு முடிஞ்சுபோச்சு, அதே பாட்டை இன்னொரு தரம் பாட யாருக்கும் தொண்டையில்ல. மார்லிஸ் ஈரத்தோட நின்னுக்கிட்டு என்கிட்ட சொன்னா: “தும்மினது தப்பில்ல லவோன். தும்மிட்டு வாயத் திறக்காம நின்ன பாரு, அதுதான்.” மறுநாளே வேற அறைக்குப் போயிட்டா. கிறிஸ்துமஸுக்குக் கல்யாணம், அப்புறம் புருஷனோட ஒரேகான் போயிட்டா. அவ முதல்ல எழுதட்டும்னு நான் இருந்தேன், நான் எழுதணும்னு அவ இருந்திருப்பா. அம்பத்தாறு வருஷம் இப்படியே போயிடும்னு இருபது வயசுல யாருக்குத் தெரியும். நான் கல்யாணம் பண்ணினேன், நல்ல மனுஷன், அவரையும் அடக்கம் பண்ணினேன். ஆனா ஏதாவது நல்லது நடந்தா முதல்ல யார்கிட்ட சொல்லலாம்னு நினைக்கறப்ப, இன்னைக்கு வரைக்கும் ஒத்தைக் கையுறையோட நின்ன அந்தப் பொண்ணு முகம்தான் வருது.

ஆகையால் என் கோரிக்கை இதுதான். அடுத்த இதழில் திருத்தம் வெளியிட வேண்டும்: லவோன் ஹெகன் உயிரோடு இருக்கிறார். கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள், வயசானவர்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஒரேகான் வரை இதழ் ஒழுங்காகப் போகிறதா என்றும் விசாரியுங்கள். நான் செத்ததற்குத்தான் ஒரு வரி எழுதவில்லை, இருக்கிறேன் என்று தெரிந்தால் திட்டுவதற்காவது எழுதுவாள். அந்தப் போலி பேட்ஜ் எங்கிருந்து வந்ததென்றும் துப்பறியுங்கள். அத்தாட்சிக்கு என் பேட்ஜின் பின்பக்கத்து எழுத்தையும் எண்ணையும் கீழே எழுதி அனுப்புகிறேன்.

தாங்களும் தங்கள் இதழும் நீண்ட ஆயுளோடு இருக்கவும், அடுத்தவர் ஆயுளையும் கொஞ்சம் விட்டுவைக்கவும் ஆசீர்வதிக்கிறேன். தலைமையகத்தில் யாவருக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
இன்னும் அணையாத சகோதரி,
லவோன் ஸ்டென்சன் ஹெகன்

பின்குறிப்பு: எண்ணை எழுதறதுக்காக அங்கியிலிருந்து பேட்ஜைக் கழட்டி, பூதக்கண்ணாடி வெச்சுப் பின்பக்கம் பார்த்தேன். இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூடத் திருப்பிப் பார்த்ததில்ல, என் பேருதானே இருக்கும்னு இருந்துட்டேன். 212ன்னு இருக்கு. எம். கே.ன்னு இருக்கு.

திருமதி வாண்டெவீருக்கு அப்பவே கண் பத்தாது, ஏப்ரன் பையிலேர்ந்து மாத்திக் கொடுத்திருக்காங்க.

பிரையன்னா, கண்ணு, திருத்தம் போட வேண்டாம். மேல எழுதினதுல மார்லிஸைப் பத்தி மன்னிக்காத பிறவி, அது இதுன்னு சொன்னதை எல்லாம் அடிச்சுடு. என் பேர் அந்தப் பக்கத்துல இருந்தா இருந்துட்டுப் போகட்டும், அதுக்குப் பக்கத்துல அவ பேரைச் சேர்த்துடு. பேட்ஜ் வந்த உறை மேல அதை அனுப்பின பொண்ணோட விலாசம் இருந்தா எனக்கு அனுப்பு. அவ அம்மா திருப்பிப் பார்த்திருக்கா, அது யாரோடதுன்னு தெரிஞ்சுதான் வெச்சிருந்திருக்கா. 212ஐ நான் தர மாட்டேன், விதிப்படி நான் போனப்புறம் வந்து எடுத்துக்கோ. 211ஐ மட்டும் எனக்கு அனுப்பிடு, உரியவங்க கையில சேரணும்னு சொல்லியிருக்கா. அந்தத் துண்டுச் சீட்டையும் தூக்கிப்போட்டுடாதே. அது எனக்கு வந்த கடிதம்.