பாதியில் நிற்கும் இயங்குதளம்

ஒரகடம்,
மே 2004.

பெருமதிப்பிற்குரிய ‘வீட்டுக்கொரு கணினி’ மாத இதழ் ஆசிரியர் அவர்களின் சமூகத்திற்கு,

சந்தாதாரர் சு. கோமதிநாயகம் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. தாங்களும் தங்கள் உதவி ஆசிரியர்களும் தங்கள் அலுவலகக் கணிப்பொறிகளும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கு நானும் என் மனைவி செல்லம்மாளும் நலம். எங்கள் கணிப்பொறி நலமில்லை.

நான் இங்குள்ள ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஸ்டோர் பார்ப்பவன். எந்த வாஷர் எந்த அலமாரியில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பொங்கல் கழிந்து புதிதாக வந்த மேலாளர் எங்களை வரிசையாக நிற்க வைத்து, “ஸ்டோரைக் கம்ப்யூட்டர்ல ஏத்தப்போறோம். கம்ப்யூட்டர் தெரிஞ்சவங்க ஸ்டோர்ல இருக்கலாம், மத்தவங்க லைனுக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார். லைன் என்றால் ஷிப்ட் முழுக்க நின்றபடி வேலை. எனக்கோ முதுகெலும்பில் ஏற்கெனவே தகராறு. அந்தக் கலக்கத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் பெட்டிக்கடையில் தங்கள் இதழ் தொங்கியது. ‘ஸ்குரூ டிரைவர் பிடிக்கத் தெரியுமா? நீங்களும் கணிப்பொறி செய்யலாம்!’ என்று அட்டையில் போட்டிருந்தீர்கள். எனக்கு ஸ்குரூ டிரைவர் பிடிக்கத் தெரியும். அதுதான் ஐயா வினையாகிவிட்டது.

தாங்கள் அச்சிட்ட பெயர்களையே மனப்பாடம் செய்துகொண்டு சென்னைக்குப் போய், ஒரு கடையில் தாய்ப்பலகை வேண்டும் என்று கேட்டேன். “மரக்கடை பின்னாடி தெருவுல சார்” என்றார் கடைக்காரர். சரி, நினைவகமாவது இருக்கிறதா என்றேன். “அது பீச்சாண்ட கீது. இன்னா சார், கடை தொறந்ததுமே வந்து கலாய்க்கிற?” என்று எழுந்தேவிட்டார். இதழில் இருந்த படத்தைக் காட்டியதும், “மதர்போர்டுன்னு சொல்லு, ராம்னு சொல்லு, அத்த வுட்டுட்டு” என்று எடுத்துக் கொடுத்தார். மின்சார ரயிலில் சிங்கப்பெருமாள் கோவில் வரைக்கும், அங்கிருந்து ஷேர் ஆட்டோவிலும் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கைக்குழந்தைக்காரிக்கு இடம் விடுவதுபோல எல்லாரும் நகர்ந்து உட்கார்ந்தார்கள். படம் பார்த்துப் பார்த்து மாட்டி முடித்ததும் பெட்டி ‘பீப்’ என்று ஒரு குரல் கொடுத்தது, செல்லம்மாள் ஆரத்தி எடுத்தாள். அத்தோடு கதை முடிந்திருக்கலாம்.

‘இனி இயங்குதளத்தை நிறுவவும்’ என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டீர்கள். தளம் என்றதும் மேசைதான் கோணலோ என்று ரசமட்டம் வைத்துப் பார்த்து, ஒரு காலுக்கு அட்டை மடித்துக் கொடுத்தேன். அது ஆபரேட்டிங் சிஸ்டம் என்று குறுந்தகட்டில் இருக்கும் சமாசாரம் என்று பிறகுதான் தெரிந்தது. தகட்டைப் போட்டேன். சதவீதம் ஏறியது. முப்பத்தொன்பதில் திரை முழுக்க நீலமாகி, வெள்ளை எழுத்தில் ஆங்கிலத்தில் ஏதோ திட்டிவிட்டு, தானே அணைந்து தானே எரிந்தது. மறுபடி போட்டால் அறுபத்திரண்டில் நின்றது, அதற்கடுத்து பதினொன்றில். ஒரே இடத்தில் நின்றாலாவது அதற்கு ஒரு கொள்கை இருக்கிறது என்று மதிக்கலாம்.

தங்கள் ‘தட்டினால் தீரும்’ பகுதிக்கு எழுதினேன். மின்னழுத்தக் குறைவாக இருக்கலாம் என்று பதில் போட்டீர்கள். எங்கள் வீட்டுக்காரர் எல்லப்பன், ஏழு ஒண்டுக்குடித்தனங்களுக்கும் சேர்த்து ஒரு போர் மோட்டார் வைத்திருக்கிறார், அது ஓடினால் பல்பு மங்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் அதைப் போடாமல் இருக்கும்படி கேட்டேன். “இன்னா நாயகம், உன் பொட்டி ஏர்றதுக்கோசரம் ஏழு வூட்டு சனம் குளிக்காம கெடக்கணுமா?” என்றார். ஆனாலும் அது எப்படித்தான் ஏறுகிறது என்று பார்க்க அவருக்கும் ஆசை. ஸ்டூல் போட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டார். வாசலில் குடமும் வாளியுமாக மொத்தக் குடித்தனமும் நிற்க, “அம்பது! அறுவது! அறுவத்தஞ்சு!” என்று ஏலம் விடுகிறவர் மாதிரி கூவினார். “ஏறிச்சாண்ணா?” என்று வெளியிலிருந்து குரல். எழுபதில் நீலம் வந்தது. எல்லப்பன் எழுந்தார். “மோட்டாரு போடல. அப்பால இன்னாத்துக்கு நின்னுச்சு? இனிமே எம் மோட்டாரு மேல பழி போட்டே, ரூமைக் காலி பண்ணிடு” என்று சொல்லிவிட்டுப் போய் சுவிட்சைத் தட்டினார். அன்று முதல் இந்தக் காம்பவுண்டில் எங்களோடு முகம் கொடுத்துப் பேச ஆள் இல்லை.

அடுத்த இதழில், உள்வெப்பம் காரணமாக இருக்கலாம், காற்றோட்டம் தேவை என்றீர்கள். பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, வீட்டில் இருந்த ஒரே மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பினேன். சித்திரை வெயில். “மனுசங்க வெந்து சாவுதோம், இரும்புப் பொட்டிக்குக் காத்து வாங்கிக் குடுக்கியளாக்கும்?” என்று கேட்டாள் செல்லம்மாள். கேட்டதோடு விடாமல், கண்ணேறு கழியட்டும் என்று மேலே ஒரு பிடி திருநீறும் வைத்திருந்தாள். விசிறி சுற்றியதும் அவ்வளவும் உள்ளே போய்விட்டது. அந்தத் தடவை சதவீதமே வரவில்லை.

இந்த இதழில் தங்கள் மூன்றாவது பதில் வந்திருக்கிறது: ‘நினைவகம் பழுதாக இருக்கலாம், அல்லது குறுந்தகடு, வன்தட்டு, மின்வழங்கி, தாய்ப்பலகை. இவை அனைத்தும் சரியாக இருப்பின் கோளாறு வேறெங்கேனும் இருக்கக்கூடும்.’ ஐயா, இவ்வளவையும் கழித்தால் இந்த வீட்டில் மிச்சம் இருப்பது நானும் செல்லம்மாளும்தான்.

நாளை மறுநாள் தொழிற்சாலைக்குக் கணிப்பொறி வருகிறது. கணிப்பொறியில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அது நிற்பது ஒன்றுதான். லைனில் நிற்கப் பழகுவதற்காகச் சமையலறையில் நின்றபடியே சாப்பிட்டுப் பார்க்கிறேன், முதுகு விட்டுப்போகிறது. ஆகவே இனித் தங்கள் இதழை எனக்கு அனுப்ப வேண்டாம். அந்த ‘நீங்களும் கணிப்பொறி செய்யலாம்’ தொடரையும் நிறுத்திவிடுங்கள். இந்தப் பக்கமெல்லாம் தொழிற்சாலை, ஸ்குரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்த அப்பாவிகள் ஏராளம்.

மனம் நொந்து எழுதினாலும் தாங்கள் குடும்பத்தோடும் அச்சகத்தோடும் எந்தத் தடங்கலும் இல்லாமல் வாழ ஆண்டவனை வேண்டுகிறேன். தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என் வணக்கம், சிறியவர்களுக்குச் செல்லம்மாளின் ஆசி.

இப்படிக்கு,
இனி வாசகன் அல்லாத
சு. கோமதிநாயகம்

பி.கு: இதைத் தபாலில் சேர்ப்பதற்குள் தொழிற்சாலைக்குக் கணிப்பொறி வந்துவிட்டது. மாட்ட வந்த பையன் தகட்டைப் போட்டான், பாதியில் நீலத்திரை. எல்லாரும் பின்னால் நகர்ந்தார்கள், சூப்பர்வைசர் மெயின் சுவிட்சை நோக்கி ஓடினார். நான் மட்டும் நின்ற இடத்தில் நின்றேன். “என்ன மிஸ்டர் நாயகம், நீங்க பயப்படலையா?” என்றார் மேலாளர். “எங்க வீட்டுல தினமும் வரும் சார். இப்ப தானா அணைஞ்சு தானா எரியும் பாருங்க” என்றேன். அப்படியே அணைந்து எரிந்தது. “வீட்டுலயே சிஸ்டம் இருக்கா?” என்றார். “நானே செஞ்சது சார்” என்றேன். அந்த நிமிடத்திலிருந்து ஸ்டோர் கணிப்பொறிக்கு நான்தான் பொறுப்பு, தனி நாற்காலியும் போட்டிருக்கிறார்கள். மாட்ட வந்த பையன் இன்னும் ஏறாத பெட்டியை என்னை நம்பி ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டான். இந்தக் கடிதத்தைக் கிழித்திருப்பேன், கோளாறின் விவரம் முழுக்க இதில் இருப்பதால் அனுப்புகிறேன். விவரத்தை மட்டும் படித்துவிட்டு மற்றதை மன்னிக்கவும், இதழைத் தவறாமல் அனுப்பவும். நாலாவது பதிலை இதழில் போட வேண்டாம், அவசரத் தபாலில் வீட்டு முகவரிக்கே வரட்டும். தொழிற்சாலைக்கு வரும் தபாலை மேலாளர்தான் முதலில் பிரிக்கிறார்.