சரசக்கா ஏறாமல் ரயில் கிளம்பாது

பினாங்குத் தீவிலேயே அடுத்தவர் வயிற்றை அதிகமாக எரிய வைத்தவர் யார் என்று ஒரு போட்டி நடந்தால், முதல் பரிசு எங்கள் பல்செட் அண்ணனுக்குத்தான். நடுவர் நாற்காலியில் உட்கார்ந்து அதைக் கொடுக்கும் தகுதி எனக்கு மட்டுமே உண்டு. ஆறு வருடமாக எரிந்தது என் வயிறு.

எரிந்த இடம் குயின் ஸ்திரீட்டில் ஒரு ஜவுளிக்கடையின் மேல்மாடி. ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு எங்கள் குட்டி ரயில் சங்கம் அங்கே கூடும். பினாங்கு மலைமேல் ஏறும் ரயில் ஒன்றை விட்டால் எங்கள் தீவில் ரயிலே கிடையாது. மற்ற ரயிலைப் பார்க்க ஃபெரி ஏறி பட்டர்வொர்த்துக்குப் போக வேண்டும். அந்தக் குறையைத் தீர்க்கத்தானோ என்னவோ, ஒன்பது பெரிய மனிதர்கள் வாராவாரம் கூடி மேசைமேல் ரயில் விட்டுக்கொண்டிருந்தோம்.

ஒவ்வொருவருக்கும் ஒரு பலகை. அதில் அவரவர் இஷ்டத்துக்கு ஓர் ஊரும், ஊர் வழியாகப் போகும் தண்டவாளமும் செய்துகொள்ளலாம். ஒன்பது பலகைகளையும் சேர்த்துப் பூட்டினால் ஒரு முழுச் சுற்று. ஊருக்கு ஒரு சுவிட்ச். ஒருவர் ஊரில் ரயில் நின்றால் மற்ற எட்டுப் பேரும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். என் துன்பமெல்லாம் இந்த ஏற்பாட்டிலிருந்து வந்தது.

பல்செட் அண்ணன் வருவதற்கு முன்னால் அந்த மேல்மாடியில் என் கொடிதான் பறந்தது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இருபது வருடமாகப் பூதக்கண்ணாடி வைத்துக் குறை கண்டுபிடிப்பது என் வேலை. அந்தக் கண்ணோடு நான் போட்ட தண்டவாளம் ஜன்னலோர மூலையில் அரைவட்டமாகத் திரும்பும். அந்த வளைவில் பத்துப் பெட்டி ரயில் போனாலும் காலடிச் சத்தம்கூடக் கேட்காது. புதிதாக யார் வந்தாலும் சங்கத் தலைவர் காசிம் பாய், "மொதல்ல தம்பியோட வளைவப் பாருங்க" என்று என்னிடம்தான் கூட்டிவருவார். காசிம் பாய்க்கு நாசி கண்டார் சாப்பாட்டுக் கடை. வாயைத் திறந்து ஒன்றைப் பாராட்டினால் அது ஊர் முழுக்கப் பரவிவிடும்.

ஒரு ஞாயிறு, கையில் ஒரு பிஸ்கட் டின்னோடு மெலிந்த மனிதர் ஒருவர் படியேறி வந்தார். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்துப் பொய்ப்பல் செட் செய்து கொடுப்பது அவர் தொழில். பெயர் ஏதோ சொன்னார். அடுத்த வாரமே அது மறந்து, பல்செட் என்பது நிலைத்துவிட்டது. அவர் யாரையும் கண்ணைப் பார்த்துப் பேச மாட்டார், வாயைத்தான் பார்ப்பார். ஜன்னலில் நின்று தெருவைப் பார்த்து, "அந்தா போறாரு பாருங்க, மேல் வரிச என்னோடது" என்று பெருமைப்படுவார். எனக்குக் கைகொடுத்த முதல் நாளே, "தம்பி, எடது பக்கக் கடவாய்ப் பல்லு ரெண்டு வருஷம்தான் தாங்கும்லா" என்றார். சரியாக இரண்டு வருடத்தில் விழுந்தது. அதற்காகவும் நான் அவரை மன்னிக்கவில்லை.

பிஸ்கட் டின்னில் இருந்தது மனிதர்கள். பொய்ப்பல்லுக்கு ஈறு செய்வார்களே, அந்த ரோஸ் நிறப் பொருளின் மிச்சத்தில், பல் ராவும் கருவியால் செதுக்கி வண்ணம் தீட்டிய மனிதர்கள். ஒவ்வொருவரும் சுண்டுவிரல் நகம் இரண்டைச் சேர்த்து வைத்த உயரம். அவருடைய பலகையில் நிபோங் திபால் பக்கத்து ஊர் ஒன்று எழும்பியது. பழைய டூத்பிரஷ்ஷின் பச்சை நாரில் செம்பனை மரங்கள், பல் அச்சு எடுக்கும் மாவில் குன்றுகள், நடுவே ஒரு சின்ன ஸ்டேஷன், அதன் பிளாட்பாரத்தில் பன்னிரண்டு பேர். நான் ஜப்பானிலிருந்து வரவழைத்த எஞ்சினைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

முதல் ஓட்டத்தில் ரயில் அவர் ஊருக்குள் போனது. நின்றது. ஐந்து நிமிடம் ஆகியும் கிளம்பவில்லை.

"என்னண்ணே, ஏதாச்சும் ரிப்பேரா?" என்று கேட்டேன்.

"இல்ல தம்பி. சரசக்கா இன்னும் ஏறல."

"யாரு?"

"அந்தா, பச்ச சேல. மகளுக்குப் பட்டர்வொர்த்துல பிரசவம். ஏத்தாம போனா நல்லாவா இருக்கும்?"

"அவங்க பிளாஸ்டிக்ணே."

"பிளாஸ்டிக்னா மக பிரசவத்துக்குப் போகக் கூடாதா?"

சொல்லிவிட்டு, பல் வேலைக்கான மெல்லிய சாமணத்தை எடுத்தார். பெட்டியின் கூரையைக் கழற்றினார். சரசக்காவை இடுப்பில் வலிக்காமல் பிடித்துத் தூக்கி, ஜன்னலோர இருக்கையில் வைத்து, கூரையை மூடினார். பிறகுதான் சுவிட்ச் விழுந்தது.

இது ஒரு நாள் கூத்து என்று நினைத்தேன். வாராவாரம் நடந்தது. சரசக்காவுக்குப் பின்னால் குடைக்கார மாமா ஒருவர் வந்தார். அவர் எப்போதும் தப்பான பக்கம் பார்த்து நின்று ரயிலைத் தவறவிடுவார். "திருப்பி வெச்சிட வேண்டியதுதானே?" என்று லிம் மலாயில் கேட்டார். லிம் எங்கள் நேரக் காப்பாளர், கையில் எப்போதும் ஸ்டாப்வாட்ச். "நா சொன்னா கேக்க மாட்டாரு. ரொம்பப் பிடிவாதம்" என்று பல்செட் அண்ணன் வருத்தத்தோடு தலையாட்டினார். "சூடா லம்பாட் லா" என்று நேரமாவதைச் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்த அதே லிம், அடுத்த மாதம் ஸ்டாப்வாட்சைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு குடைக்கார மாமா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

காசிம் பாய் இன்னும் மோசம். படியேறி வந்ததும் முதல் கேள்வி, "சரசக்கா மகளுக்கு என்ன கொழந்த?"

"இன்னும் ஆகல பாய். அடுத்த வாரம்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

நான்கு வருடமாக அந்த டாக்டர் அடுத்த வாரம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை.

கடைசியாக நம்பியிருந்தது என் மனைவியை. ஒரு ஞாயிறு அவளைக் கூட்டிப்போய் என் வளைவைக் காட்டினேன். "ம், நல்லாத்தான் இருக்கு" என்றாள். பிறகு பல்செட் அண்ணன் பலகைக்குப் போனவள் ஒரு மணி நேரம் திரும்பவில்லை. வரும் வழியில் கெரெத்தாவை ஓட்டிக்கொண்டிருந்த என்னிடம் கேட்டாள்: "புள்ளத்தாச்சிப் பொண்ணப் பாக்கப் போறவங்க கையில ஒண்ணுமே இல்லாமப் போறாங்களே. அவருகிட்ட சொன்னீங்களா?" நான் சொல்லவில்லை. அவளே சொல்லியிருக்கிறாள். அடுத்த வாரம் சரசக்கா கையில் மூன்றடுக்கு டிபன் கேரியர் தொங்கியது. மொத்தமும் அரை அரிசி அளவு. மேலடுக்கின் மூடி தனியாகத் தெரிந்தது. என் மனைவி அதைப் போனில் படம் எடுத்து அவள் தங்கைக்கு அனுப்பினாள். முப்பது வருடத் திருமண வாழ்வில் அவள் என் கைவேலை எதையும் படம் எடுத்ததில்லை.

போன வருடம் கீழே ஜவுளிக்கடை முதலாளி ஆள் அனுப்பினார். சரக்கு வைக்க இடம் போதவில்லை, மேல்மாடி வேண்டும் என்றார். காசிம் பாய் போய்க் கெஞ்சினார். "சரி, நீங்க என்னதான் பண்றீங்கன்னு வந்து பாக்கறேன். பாத்துட்டுச் சொல்றேன்" என்று முதலாளி ஒரு ஞாயிறு குறித்தார். அந்த இடம் போனால் சங்கம் போச்சு. ஒன்பது பலகையை விரித்துப் போட ஜார்ஜ்டவுனில் யார் இடம் தருவார்கள்?

அன்று எல்லாருக்கும் முன்னால் நான் போனேன். என் மனதில் ஒரு கணக்கு. முதலாளி வியாபாரி, கறாரான மனிதர். ரயில் கால் மணி நேரம் நின்று பொம்மையை ஏற்றுவதைப் பார்த்தால் பைத்தியக்காரக் கூட்டம் என்று முடிவு செய்துவிடுவார். ரயில் நிற்காமல் ஓட வேண்டும். ஓடி வந்து என் வளைவில் சத்தமில்லாமல் திரும்ப வேண்டும். அதைப் பார்த்து அவர் மயங்க வேண்டும். சரசக்கா இல்லாவிட்டால் ஏற்றுவதற்கு ஆளில்லை, ரயில் போய்விடும். சங்கத்தின் நன்மைக்காகத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு சரசக்காவைத் தூக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். உண்மை எனக்கும் தெரியும். பொறாமைக்காரன் செய்கிற காரியம் அது.

மூன்று மணிக்கு முதலாளி வந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, தங்கக் கடிகாரம். காசிம் பாய் கைகாட்ட, ரயில் கிளம்பியது. பல்செட் அண்ணன் ஊருக்குள் போனது. நின்றது.

"ஆள் காணோம்" என்றார் பல்செட் அண்ணன்.

"யாரு?" என்றார் முதலாளி.

காசிம் பாய் வேறு வழியில்லாமல் விவரத்தைச் சொன்னார். நான்கு வருடப் பிரசவத்தையும் சேர்த்து. சொல்லி முடித்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மேல்மாடி போனது என்று நானும் நினைத்தேன்.

முதலாளி பலகைமேல் குனிந்து கேட்டார். "பச்ச சேலன்னா என்ன பச்ச? கிளிப்பச்சையா, பாட்டில் பச்சையா?"

"பாசிப் பச்ச. அரக்கு பார்டர்" என்றார் பல்செட் அண்ணன்.

"பார்டர் ஒசரமா, குட்டையா?"

"குட்டை."

முதலாளி கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார். போனில் டார்ச்சைப் போட்டுக்கொண்டு மேசைக்கடியில் தவழ்ந்து போனார். அவர் பின்னால் லிம். லிம் பின்னால் காசிம் பாய். ஒன்பது பலகைக்கு அடியிலும் பெரிய பெரிய முதுகுகள் ஊர்ந்தன. "யாரும் கால அசைக்காதீங்க" என்று கீழிருந்து முதலாளியின் குரல் வந்தது. பல்செட் அண்ணன் மட்டும் தேடவில்லை. பிளாட்பாரத்தில் சரசக்கா நிற்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டு கை தொங்க நின்றார். அந்த முகத்தைப் பார்த்ததும் என் சட்டைப்பை கனத்தது.

நானும் குனிந்தேன். என் பலகைக்கடியில் ஓர் இடத்தில் அவளை வைத்தேன். எடுத்தேன்.

"இந்தா, இங்க இருக்காங்க" என்றேன்.

எல்லாரும் கைதட்டினார்கள். பல்செட் அண்ணன் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு சரசக்காவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதுகுப் பக்கம் சேலையில் நீலமாக ஒரு தீற்றல். பேனா மை. அவர் பார்வை மெதுவாக என் சட்டைப்பைக்கு வந்தது. அங்கே என் பேனா ஒழுகி, வட்டமாக ஊறியிருந்தது. முதல் தடவையாக அவர் என் வாயைப் பார்க்காமல் கண்ணைப் பார்த்தார்.

"வழி தவறிட்டாங்க போல. பரவால்ல, வந்துட்டாங்க" என்றார்.

கூரையைத் திறந்து ஏற்றினார். ரயில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. என் வளைவில் சத்தமில்லாமல்தான் திரும்பியது, ஆனால் முதலாளி அப்போது முழங்கால் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார். ரயில் நின்றதும் பல்செட் அண்ணன் தலை நிமிர்ந்து சொன்னார்: "பொண்ணு. தாயும் புள்ளயும் நல்லா இருக்காங்க." காசிம் பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார். லிம் எனக்குக் கைகொடுத்தார், ஏன் என்று தெரியவில்லை. முதலாளி கடிகாரத்தைக் கட்டிக்கொண்டே, "சரக்க வேற எங்கயாவது வெச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். நான் செய்த திருட்டு பல்செட் அண்ணனைச் சங்கத்தைக் காப்பாற்றிய வீரராக்கிவிட்டது. அன்று எரிந்த எரிச்சலுக்கு எந்த மருந்தும் கேட்கவில்லை.

மூன்று மாதம் முன்பு அவருக்குக் கண்புரை ஆபரேஷன். கெப்பாலா பத்தாஸில் மகள் வீட்டில் ஓய்வெடுத்தார். இரண்டு ஞாயிறு அவர் வரவில்லை. அவர் பலகையை ஒதுக்கிவிட்டு எட்டை மட்டும் பூட்டினோம். ரயில் நிற்காமல் ஓடியது, லிம் ஸ்டாப்வாட்சை வெளியில் எடுத்தார், வந்தவர்களெல்லாம் என் வளைவைப் பார்த்தார்கள். நான் ஆசைப்பட்டதெல்லாம் நடந்தது. மூன்றாவது சனிக்கிழமை ஃபெரி ஏறி, பஸ் பிடித்து, அவரைப் பார்க்கப் போனேன்.

கறுப்புக் கண்ணாடியோடு சாய்வு நாற்காலியில் இருந்தார். மகள் காப்பி வைத்துவிட்டு உள்ளே போனதும் சொன்னேன்.

"அண்ணே, அன்னிக்கி சரசக்காவ..."

"தெரியும் தம்பி. மை இன்னும் போகல."

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

அவர் காப்பியை ஆற்றினார். "நானும் ஒண்ணு சொல்லணும். உங்க வளைவப் பாத்தா எனக்கு வயிறு எரியும்லா. நீங்க வராத நாள்ல அதுல ரயில விட்டுட்டு காத வெச்சுக் கேப்பேன். ஒரு சத்தம் வராது. எனக்குத் தண்டவாளம் போடவே வராது தம்பி. கோணல். வேகமாப் போனா ரயிலு கவுந்திரும், எல்லாருக்கும் தெரிஞ்சிரும். நிக்கிற ரயிலு மெதுவா வரும், மெதுவாப் போவும். நிக்க ஒரு காரணம் வேணும்ல? அதான் சரசக்காவ செஞ்சேன்."

ஆறு வருடமாக இரண்டு வயிறு எரிந்திருக்கிறது, ஒன்றுக்கொன்று தெரியாமல்.

மறுநாள் ஞாயிறு, அவர் ஓய்வு முடிந்து வருவதற்குள் சரிசெய்து வைத்துவிடலாம் என்று ஸ்க்ரூடிரைவரும் மட்டப்பலகையும் எடுத்துக்கொண்டு சீக்கிரமே மேல்மாடிக்குப் போனேன். அவருடைய தண்டவாளம் உண்மையிலேயே மகா கோணல். அரைமணி வேலை. முதல் திருகாணியைத் தளர்த்தியபோது, இது நேராகிவிட்டால் ரயில் இங்கே நிற்க வேண்டிய அவசியம் இருக்காதே என்று தோன்றியது. திருகாணியைத் திரும்ப முடுக்கிவிட்டு, நாற்காலியை அவர் பலகைப் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.