குதிரையைப் பார்த்த மாப்பிள்ளை

அன்பு மச்சான் அன்பரசுக்கு, சிதம்பரத்திலிருந்து உன் அக்கா புருஷன் ஞானசேகரன் எழுதுவது. இங்கே என் சர்க்கரையும் உன் அக்காவும் சொன்ன பேச்சு கேட்பதில்லை, மற்றபடி நலம். கடலூரில் நீயும் பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டும். போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து பேசுவாய் என்பதால் இந்தக் கடிதம்.

நீ கொண்டுவந்த கீரப்பாளையத்து வரன், அந்தக் கால்நடை டாக்டர் செம்பியன், நம் கயல்விழிக்கு வேண்டாம். பையன் நல்லவன், அரசாங்க உத்தியோகம், கயலுக்கும் பிடித்துவிட்டது, எல்லாம் சரி. ஆனால் பெண் பார்க்க யார் வந்தாலும், பஜ்ஜி சாப்பிட்டதும் அந்தப் பழைய குதிரைப் பந்தயப் படத்தில் ஒரு காட்சியைப் போட்டுக் காட்டுவது என் வழக்கம், உனக்கே தெரியும். ரேஸ் பைத்தியம் பிடித்த அப்பா, பெண்டாட்டிக்குத் தெரியாமல் பந்தயக் குதிரையை வாங்கி வந்து, பிள்ளைகளைப் பின்னாலிருந்து தள்ளச் சொல்லி மாடிப்படியில் ஏற்றுவாரே, அந்த இடம். அதற்குச் சிரிக்காதவன் குடும்பத்துக்கு லாயக்கில்லை என்பது என் கட்சி. வடலூர்ப் பையன் போனை நோண்டினான், கழித்தேன். பண்ருட்டிப் பையன் நான் சிரித்த பிறகு சிரித்தான், அவனையும் கழித்தேன்.

உன் செம்பியன் ஒழுங்காகத்தான் உட்கார்ந்தான். குதிரை படியில் வழுக்குகிறது, அப்பா வாலைப் பிடித்துத் தொங்குகிறார், உன் அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொள்கிறாள், அவன் அம்மாகூடச் சிரிக்கிறார், இவன் மட்டும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு டிவிக்குக் கிட்டே போகிறான். என்ன தம்பி என்றேன்.

"மாமா, அந்தக் குதிரைக்கு முன்னங்கால் வலிக்குது. ஊன மாட்டேங்குது பாருங்க."

உன் அக்கா முந்தானையை வாயிலிருந்து எடுத்துவிட்டாள். மிச்சமிருந்த பஜ்ஜி ஆறிப்போனது. கயல் மட்டும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிற படம், ஒரு நாளும் நான் குதிரையைப் பார்த்ததில்லை; குதிரையை யாரய்யா பார்ப்பார்கள்? சிரிக்கிற இடத்தில் சிரிக்கத் தெரியாதவனோடு என் பெண் எப்படிக் காலம் தள்ளுவாள்? அவர்கள் வீட்டில் நாசூக்காகச் சொல்லிவிடு. ஜாதகம் சேரவில்லை என்று சொல்லலாம். சேருகிறது என்று நீயே முந்திக்கொண்டு சொன்னதற்கு நான் பொறுப்பில்லை.

பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
உன் மாமா ஞானசேகரன்

பி.கு: உறையை ஒட்டுவதற்கு முன்னால் அந்தக் காட்சியை மறுபடி போட்டு, குதிரையை மட்டும் பார்த்தேன். ஆமாம் மச்சான், அதற்கு வலிக்கத்தான் செய்கிறது. அத்தனை பேர் தள்ளுகிறார்கள், ஒரு கனைப்புக்கூட இல்லாமல் ஏறுகிறது. எனக்குச் சிரிப்பே வரவில்லை. நம் கயலும் அந்த ரகம்தான். குடல்வால் வலியோடு பரீட்சை எழுதிவிட்டு வந்து வாசலில் மயங்கி விழுந்தாளே, அதுவரை இந்த வீட்டில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. வாய் திறந்து சொல்லாத வலியைக் கவனிக்கிறவன் ஒருத்தன் அவளுக்கு வேண்டும். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். உடனே கீரப்பாளையம் போய்ப் பேசி முடி, நொண்டிக் குதிரையைப் பார்த்துச் சிரிக்கிற குடும்பம் என்று அவர்கள் நம்மைக் கழித்துவிடுவதற்குள்.