ஐஸ் பெட்டிக்குள் தாய்மாமன்

யார் மீது வேண்டுமானாலும் பொறாமைப்படாமல் வாழ்ந்துவிடலாம், சகலை மீது மட்டும் முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் கார் வாங்கினால் ஜன்னலைச் சாத்திக்கொள்ளலாம். கூட வேலை பார்ப்பவருக்குப் பதவி உயர்வு வந்தால் அன்றைக்கு லீவு போட்டுவிடலாம். மனைவியின் தங்கை வீட்டுக்காரரை அப்படித் தவிர்க்க வழியே இல்லை. மாமனார் வீட்டுப் பந்தியில் அவர் நமக்கு அடுத்த இலையில்தான் உட்கார்ந்திருப்பார். அவர் இலையில் விழும் வடை நம்முடையதைவிடப் பெரிதாகத் தெரியும். (தெரியும் என்ன, பெரிதாகவே இருக்கும். நான் கவனித்திருக்கிறேன்.)

என் சகலை பெயர் பிரபு. சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. எனக்குத் துடியலூர்ப் பக்கம் ஒரு பம்ப்செட் கம்பெனியில் கணக்குப் பிரிவு. அவனிடம் ஒரு குறையாவது இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு நானும் பிழைத்திருப்பேன். குடிக்க மாட்டான். சத்தம் போட்டுப் பேச மாட்டான். என்னைவிட வயதில் சின்னவன் என்பதால் பத்து வார்த்தை பேசினால் அதில் நாலு 'அண்ணா' இருக்கும். இப்படிப்பட்ட ஒருவனை எப்படித்தான் வெறுப்பது?

பம்ப் கம்பெனியில் வேலை பார்ப்பவன் நான். ஆனால் மாமனார் வீட்டு மோட்டார் ஓடவில்லை என்றால் என் அத்தை, அதாவது மாமியார், போன் போடுவது பிரபுவுக்கு. கேட்டால், "பெரிய மாப்ளைக்கு எதுக்குங்க வீணா செரமம்?" என்பார். மரியாதையாகவே ஒருவனை ஓரமாக உட்கார வைப்பது எங்கள் கொங்குப் பக்கத்துக்காரர்களுக்குக் கைவந்த கலை.

எல்லாவற்றையும்விட என் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது அவனுடைய போன். பப்படம் மாதிரி மெலிசாக இருக்கும். எந்த விசேஷமானாலும் அதை எடுத்து அமைதியாக நாலு படம் பிடிப்பான். சாயங்காலமே குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அத்தனை பெண்களும் கல்யாணப் பெண்களாக மின்னுவார்கள். "சின்ன மாப்ள எடுத்தாத்தான் போட்டா" என்று அத்தை குரல் பதிவு அனுப்புவார். அதே விசேஷத்தில் நானும் படம் எடுத்துப் போட்டிருப்பேன். அதற்கு என் மனைவி சுமதி மட்டும் ஒரு கட்டைவிரல் காட்டுவாள். அதுவும் வீட்டில் சண்டை இல்லாத நாளாக இருந்தால்.

பொறுக்க முடியாமல் நானும் ஒரு நல்ல போன் வாங்கினேன். கீழே விழுந்தால் உடையக்கூடாதே என்று லாரி டயர் கனத்தில் ஒரு ரப்பர் கவரும் போட்டேன். இனி என் திறமையைக் காட்ட ஒரு மேடைதான் பாக்கி. அது என் மகள் யாழினியின் காதுகுத்தில் அமைந்தது.

யாழினிக்கு அப்போது ஐந்து வயது. காதுகுத்து தள்ளிக்கொண்டே போனதற்குக் காரணம் தாய்மாமன். என் மச்சான் கார்த்தி ஜெர்மனியில் இருக்கிறான். அக்கா மகளைத் தன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும் என்பது அவன் ஆசை. ஒவ்வொரு முறை தேதி குறித்ததும் அவனுக்கு லீவு கிடைக்காமல் போய்விடும். கடைசியில் அவனே அழாத குறையாகச் சொன்னான். "இன்னும் எத்தன நாளைக்கு எனக்காகத் தள்ளிப் போடுவீங்க? நான் வீடியோ கால்ல வாரனுங்க மாமா. ஆனா குத்தற நேரம் மட்டும் நான் கட்டாயம் பாக்கோணும்."

"பிரபு போன்ல பண்ணிரலாங்க" என்றாள் சுமதி.

"பொண்ணு யாரோடது?" என்றேன்.

"நம்முளுதுதான்."

"அப்பப் போனும் நம்முளுதுதான்."

குலதெய்வக் கோயில் அன்னூர் தாண்டிக் காட்டுக்குள் இருக்கிறது. சித்திரை மாத வெயில். பாதி தூக்கத்தில்கூட எனக்கு வழி தெரியும். இருந்தாலும் முன்னால் போன பிரபுவின் காரில் மேப் ஓடிக்கொண்டிருந்ததால் நானும் போனைக் கண்ணாடி ஓரமாக நிறுத்தி, சார்ஜில் போட்டு, மேப்பை ஓடவிட்டேன். கோயிலில் இறங்கியபோது போன் இட்லிச் சட்டியிலிருந்து எடுத்த மாதிரி இருந்தது. புதுப் போன், சுறுசுறுப்பாக வேலை செய்கிறது என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

கோயில் முன்னால் வெட்டவெளி. தாத்தா, அதாவது என் மாமனார், மடியில் குழந்தை. தாத்தாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல், ஸ்டூல் மேல் பித்தளைச் செம்பு, செம்பில் சாய்த்து என் போன், போனுக்குள் தாய்மாமன். அங்கே ஜெர்மனியில் அப்போதுதான் விடிந்திருந்தது. கார்த்தி குளித்து, வேட்டி சட்டையோடு திருநீறு பூசி உட்கார்ந்திருந்தான். அவனைப் பார்த்ததும் அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது.

"மாமனுக்கு மருவாதி செய்யாம எப்புடிங்க?" என்று சொல்லி ஸ்டூலருகே வந்தார். எங்கள் பக்கம் தாய்மாமனுக்குத் தலைப்பாகை கட்டி மரியாதை செய்வோம். அந்தத் துணிக்கு உருமால் என்று பெயர். அத்தை போனுக்கே உருமால் கட்டினார். கேமராவையும் கார்த்தியின் முகத்தையும் விட்டுவிட்டு மிச்சமிருந்த இடத்தையெல்லாம் இறுகச் சுற்றி, மேலே ஒரு சம்பங்கி மாலையும் போட்டார். ரப்பர் கவருக்கு மேல் உருமால், உருமாலுக்கு மேல் மாலை. கால் பாதியில் நின்றுவிடக்கூடாதே என்று பவர் பேங்க் ஒயரை நான் சொருகினேன். எல்லோரும் வெயிலில் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பதைக் கண்டு வெளிச்சத்தையும் முழுதாக ஏற்றிவைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் திரை தானாக மங்கியது. திரும்ப ஏற்றினேன். அது மறுபடி மங்கியது.

பிரபு மெல்ல என் காதருகே வந்தான். "ஏனுங்ண்ணா, தப்பா நெனைக்காதீங்க. போனு சூடாயிருச்சாட்ட இருக்குதுங்க. அதான் அதாவே வெளிச்சத்தக் கொறைக்குது. சார்ஜ உருவீட்டு, கவரையுந் துணியையும் கழட்டிப்போட்டு, அந்த வேப்ப மரத்து நெழல்ல கொஞ்ச நேரம் வெச்சா ஆறிருமுங்க. அதுவரைக்கும் வேணும்னா என்ர போன்ல..."

"என்ர போன்ல." அந்த ஒரு சொல் போதாதா எனக்கு?

"எல்லாந் தெரியுமுங்க. புதுப் போனுன்னா அப்படித்தான் இருக்கும்" என்றேன். அவன் சரிங்கண்ணா என்று நகர்ந்துகொண்டான். (ஒருமுறையாவது எதிர்த்துப் பேசுகிறானா பாருங்கள்.)

ஆசாரி ஊசியை எடுத்தார். யாழினி உதட்டைப் பிதுக்கினாள். "கண்ணு, அழுகக்கூடாது, மாமா இங்க..." என்று கார்த்தி சொல்ல ஆரம்பித்தான். வாய் திறந்தபடியே படம் உறைந்தது. அடுத்து ஒரு தெர்மாமீட்டர் படமும் கீழே ஏதோ எச்சரிக்கையும் வந்தன. நான் படித்து முடிப்பதற்குள் திரை கறுத்துவிட்டது.

"ஐயோ, எம் பையனுக்கு என்னாச்சுங் மாப்ள?" என்று அத்தை பதறினார்.

ஒயரில் தொங்கிய பவர் பேங்கோடு போனைத் தூக்கினேன். உள்ளங்கை வெந்தது. "அஞ்சே நிமிசமுங்க!" என்று ஆசாரியிடம் கத்திவிட்டு ஓட ஆரம்பித்தேன்.

எங்கே ஓடுகிறேன் என்று எனக்கே தெரியாது. கோயில் வாசலில் ஒருவர் மொபெட்டில் பெரிய தெர்மாகோல் பெட்டி கட்டிக் குச்சி ஐஸ் விற்றுக்கொண்டிருந்தார். அந்த வினாடி எனக்கு அவர் குலதெய்வமே அனுப்பிய ஆளாகத் தெரிந்தார். ஓடிப்போய் மூடியைத் திறந்தேன்.

"ஏனுங்க, இது ஐஸ் வெக்கற பொட்டிங்க!"

"கொஞ்ச நேரமுங்க, ரொம்ப அவசரம்."

உருமாலும் மாலையுமாக இருந்த அந்த மூட்டையை அவர் சந்தேகமாகப் பார்த்தார். "உள்ள என்னங்க?"

"என்ர மச்சானுங்க" என்றேன்.

அவர் இரண்டடி பின்னால் போனார். நான் போனைச் சேமியா ஐஸுக்கும் திராட்சை ஐஸுக்கும் நடுவில் புதைத்து மூடியை அமுக்கினேன். அப்போதுதான் பின்னாலிருந்து கேட்டது அந்தக் குரல். தாத்தா மடியிலிருந்து நழுவி என் பின்னாலேயே ஓடி வந்திருந்த யாழினி, கோயில் கோபுரம் அதிர அலறினாள்.

"அம்மா! அப்பா மாமாவ ஐஸ் பொட்டிக்குள்ள போட்டு மூடிட்டாரு!"

சுமதி வந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அந்தப் பார்வைக்கு அந்தப் பெட்டிக்குள் நானே ஏறி உட்கார்ந்திருக்கலாம்.

நான் பெட்டியருகேயே காவல் நின்றேன். சற்று நேரம் கழித்து எடுத்தபோது போன் ஜில்லென்று இருந்தது. பட்டனை அழுத்தியதும் உயிர் வந்தது! கார்த்தியை அழைத்தேன். அவனும் எடுத்தான். "மாமா, ஒண்ணுமே தெரியலீங்க. ஒரே பனியா இருக்குதுங்க. எங்க இருக்கறீங்க, ஊட்டியா?" என்றான். கேமராக் கண்ணாடிக்கு உள்பக்கம் முத்து முத்தாக ஈரம் கோத்திருந்தது. துணியால் வெளியே எவ்வளவு துடைத்தும் போகவில்லை. திரையில் பச்சைக் கோடு ஒன்று ஓடியது. பிறகு ஊதாக் கோடு ஒன்று. பிறகு ஒன்றும் இல்லை. பிற்பாடு போன் ரிப்பேர்க் கடைக்காரர் சொன்னார்: சூடான போனைத் திடீரென்று குளிரில் வைத்தால் உள்ளேயே தண்ணீர் கோத்துக்கொள்ளுமாம். சும்மா ஃபேன் காற்றில் வைத்திருந்தாலே பிழைத்திருக்குமாம்.

பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்துவிட்டு நிமிர்ந்தேன். கூட்டம் முழுவதும் வேப்ப மரத்தடிக்கு இடம் மாறியிருந்தது. தாத்தா மடியில் யாழினி. நிழலில் ஒரு கிளையிடுக்கில், கவரும் இல்லாமல் ஒயரும் இல்லாமல், அந்தப் பப்படப் போன் சாய்ந்திருந்தது. அதற்குள் கார்த்தி.

"மாமனப் பாரு கண்ணு, மாமனையே பாரு..."

ஊசி ஏறியது. யாழினி வீறிட்டாள். அங்கே ஜெர்மனியில் கார்த்தி அவளைவிடச் சத்தமாக அழுதான். அத்தை அழ, தாத்தா அழ, எல்லோரும் ஒரே நேரத்தில் அழுதுகொண்டே சிரித்தார்கள். நான் தூரத்தில், ஐஸ் பெட்டிப் பக்கத்தில், செத்த போனும் நனைந்த உருமாலுமாக நின்றேன். எனக்கும் கண் கலங்கியது. மகளுக்கு வலித்ததற்காக மட்டும்தான் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் அந்தக் கூட்டத்துக்கு நடுவில் நான் நிற்க வேண்டிய இடத்தில் பிரபு நின்றிருந்தான்.

விருந்தின்போது அவன் என் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தான். 'நான் அப்பவே சொன்னனுங்கண்ணா' என்று ஒரு வார்த்தை சொல்வான், சண்டை போட்டு ஆறிக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். "வெயிலு இன்னிக்கு ரொம்ப சாஸ்திங்கண்ணா. எந்தப் போனா இருந்தாலும் இப்படித்தான் ஆயிருக்கும்" என்றான். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அன்று அவன் எடுத்த படங்களில் ஒன்றை மாமனார் வீட்டுக் கூடத்தில் பெரிதாக்கி மாட்டியிருக்கிறார்கள். முன்னால் கம்மல் போட்ட யாழினி, கன்னத்தில் கண்ணீரோடு அழகாகச் சிரிக்கிறாள். பின்னால், தூரத்தில், ஐஸ் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு ஒருவர் குனிந்திருக்கிறார். குத்தி முடித்த பிறகும் நான் பெட்டிக்குள் பவர் பேங்கைத் தேடிக்கொண்டிருந்தபோது எடுத்தது. வேறு படம் மாட்டுங்கள் என்று பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். "கொழந்தை மொகம் இதுலதானுங்க நல்லா உளுந்திருக்குது" என்கிறார் அத்தை. இப்போதெல்லாம் எனக்குப் போன் வந்தாலே, "மாப்ள, நெழலுக்கு வந்து பேசுங்க" என்கிறார். நான் ஹாலில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தாலும் சரி.

அடுத்த பொங்கலுக்குக் கார்த்தி ஊருக்கு வந்தான். ஆரத்தி எடுத்து, வீட்டுக்குள் வந்து சோபாவில் உட்கார்ந்ததும் யாழினி மெதுவாக அவனிடம் போனாள். கையைத் தொட்டுப் பார்த்தாள், கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். மிகுந்த கவலையோடு கேட்டாள்:

"மாமா, அந்தப் பொட்டிக்குள்ள ரொம்பக் குளுருச்சா?"

வீடே என்னைத் திரும்பிப் பார்த்தது. அப்போது, வாழ்நாளில் ஒரு ஜோக்கும் சொல்லி அறியாத பிரபு, அதே அடக்கமான குரலில் சொன்னான்:

"குளுராது கண்ணு. அப்பாதான் உருமாலோட வெச்சாருல்ல."

அத்தை சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். இன்றைக்கும் எந்த விசேஷத்தில் கூடினாலும் யாராவது அதை ஆரம்பித்துவிடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் சொல்லி முடித்துவிட்டு, "சின்ன மாப்ள என்னமாச் சொன்னாரு பாத்தீங்களா" என்று அவனைத்தான் புகழ்கிறார்கள். போனைப் பறிகொடுத்தவன் நான், ஐஸ் பெட்டிக்குள் தலையை விட்டவன் நான். அந்த ஜோக்குக்கும் பெயர் அவனுக்கு.