பதின்மூன்றாம் கணினிக்கு விலக்களித்த படலம்

உட்துறைமுகத்து உப்புக்காற்றைப் பகையாகவும் ஏசி அறையைப் பாசறையாகவும் கொண்டவனே, பதின்மூன்று கணினிகளைக் கட்டியாளும் காவலனே, திருகோணமலைக் கப்பல் முகவர் அலுவலகத்தின் ஒற்றைக் கணினி அலுவலனே, றிக்சனே, வாழ்க நீ! உன் வெற்றியைப் பாடப் புகுந்தோம்; அது எப்படி வந்ததென்று மட்டும் எம்மை அவசரப்படுத்தாதே.

கொழும்புத் தலைமையகத்திலிருந்து ஓலை வந்தது: ஐந்து நிமிடம் எவரும் தொடாத கணினி எதுவோ, அது தன் திரையைத் தானே பூட்டிக்கொள்ளக் கடவது. றிக்சன் கட்டளையை ஏவ, பன்னிரண்டு கணினிகள் பணிந்தன. பதின்மூன்றாவதோ கப்பல் வரவுகளைக் காட்டுவது. எதிர்க் கதிரையில் அமர்ந்து, தொடாமலே அதை நாள்முழுதும் நோக்கியிருப்பவர் நரைமீசைப் பேணாட் அண்ணை. பதினான்கு எழுத்துக் கடவுச்சொல்லை அவர் இரு விரலால் தேடித் தேடிக் குத்தி முடித்து மூச்சு வாங்குவதற்குள் அடுத்த பூட்டு விழுந்துவிடும்.

"தம்பி, எனக்குக் கப்பல் பார்க்கிறதோ வேலை, பாஸ்வேட் அடிக்கிறதோ?" என்றார் அவர்.

முகாமையாளர் தயாளினியும் எட்டு ஊழியரும் செவிமடுக்க, றிக்சன் எழுந்து சூளுரைத்தான்: "பின்னேரம் நாலு மணிக்குள்ள உங்கட மெசினுக்கு விலக்குத் தருவன். ஏலாட்டி இந்தக் கதிரையை விட்டிட்டுப் போறன்."

மூண்டது போர். தலைமைக் கணினியின் முன் வீற்றிருந்து, 'விலக்குப் பெற்றோர்' என்றொரு குழுவைப் படைத்து, பேணாட் அண்ணையின் கணினியை அதன் ஒரே குடிமகனாக்கி, இக்குழுவைப் பூட்டுக் கட்டளை தீண்டற்க என்று வடிகட்டியும் வைத்தான் வீரன். ஆயினும் ஐந்து நிமிடத்தில் அத்திரை பூட்டிக்கொண்டது. 'புதுப்பி' என்னும் கணையை ஏழு தரம் தொடுத்தான், ஏழும் வீணாயின. அந்நேரம் பார்த்துத் தேநீர் போடும் நல்லம்மா வந்து, குசினிப் பிளக் கருகிப்போயிற்று, ஒருக்கால் பார்க்க முடியுமா என்று கேட்டார். பிளக் பார்ப்பது தன் குலத்தொழில் அன்று என்னும்படி, றிக்சன் திரும்பாமலே கையசைத்து அனுப்பிவிட்டான்.

மூன்று மணிக்கு ஞானம் பிறந்தது. தான் எந்தக் குழுவைச் சேர்ந்தது என்பதை ஒரு கணினி, அணைந்து மறுபடி எழும்போதுதான் அறியும். ஒரேயொரு தரம் அணைத்தால் போதும்! பாய்ந்தோடிப் பொத்தானை நோக்கி அவன் நீட்டிய கரத்தைப் பேணாட் அண்ணை பிடித்துக்கொண்டார். பொத்தானின்மேல், நான்கு வருடத்துச் செலோடேப்பின் கீழ், ஒரு கடதாசி: 'என்ன நடந்தாலும் யாரும் அணைக்கக் கூடாது. - றிக்சன்.' அணைத்த கணினி மூன்று நாள் எழாமற் கிடந்த காலத்தில் அவனே பொறித்த சாசனம். அன்றிலிருந்து அண்ணை நத்தார்ப் பண்டிகை விடுமுறைக்கும் அதை அணைத்ததில்லை; மாலையில் திரைக்குத் துணி போர்த்துவதோடு சரி.

"நீர்தானே எழுதினனீர்?"

"ஓம்," என்றான் றிக்சன்.

தான் எழுதியதைத் தானே பிழையென்று எட்டுப் பேர் முன்னிலையில் சொல்வதைவிடக் கதிரையைத் துறப்பதே மேல் எனத் துணிந்தான் அம்மானவீரன். வெட்கம் பிடுங்கித் தின்ன, திரும்பிவந்து மேசை லாச்சியிலிருந்த தன் பொருட்களை ஒவ்வொன்றாகப் பையில் வைக்கலானான்.

நாலுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் பேணாட் அண்ணை வாசலில் தோன்றினார். "தம்பி, நான் கடைக்குப் போட்டு வர ஒருக்காத்தான் பாஸ்வேட் கேட்டது. இப்ப கால் மணித்தியாலமாப் பூட்டேல்லை. வெண்டிட்டீர்."

அலுவலகம் கைதட்டி ஆர்ப்பரித்தது. தயாளினி எழுந்து நின்று பாராட்டினார். நடந்தது என்னவென்று அணுவளவும் அறியாத றிக்சன், அது நுட்பமான வேலை என்று தன்னடக்கத்தோடு தலைதாழ்த்தி, மெல்லப் பையைக் காலால் மேசைக்கடியில் தள்ளினான்.

நல்லம்மா தேத்தண்ணியை நீட்டி, குரலைத் தாழ்த்தினார். "தம்பி, பேணாட் ஐயா கடைக்குப் போன நேரம் அவற்ற மெசின் வயரைக் கழட்டிப்போட்டுத்தான் அந்தப் பிளக்கில கேத்தல் கொளுவினனான். திருப்பிக் கொளுவ அது தானா எழும்பிட்டுது. பிழையோ?"

பிழையில்லை என்று சொல்லிவிட்டு, றிக்சன் குசினிப் பிளக்கைப் பார்க்கப் போனான்.