எங்கள் கேற்றில் தங்களுக்குக் கரண்ட் அடித்தது தொடர்பாக

எத்தாளை,
திங்கட்கிழமை, ளுஹருக்குப் பின்.

கண்ணியத்துக்குரிய முத்தலிபு நானா அவர்களுக்கு, ஓய்வுபெற்ற தபாலதிபர் மஹ்ரூப் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹ். அல்லாஹ்வின் கிருபையால் நானும் நஃபீஸாவும் மகள் ஸஃப்னாவும் சுகம். தாங்களும் உம்மு குல்சூம் ராத்தாவும் மகன் ஸப்ராஸும் சுகமாக இருக்கவும், குறிப்பாகத் தங்கள் வலது கை சுகமாக இருக்கவும் ஐவேளையும் துஆச் செய்கிறேன். தங்கள் தொப்பி எங்கள் செவ்வரத்தைப் பூ வேலிக்குள் கிடக்கக் கண்டு எடுத்தோம். நஃபீஸா கழுவி, கஞ்சி போட்டு, மடித்துத் தந்ததை இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

கையில் ஃபோன் இருக்க இந்த மனிதன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று யோசிப்பீர்கள். ஃபோனில் நான் “நானா” என்று தொடங்குவதற்குள் நீங்கள் “கடையில ஆளுங்க நிக்கிறாங்க, பொறகு கதைக்கிறேன்” என்று வைத்துவிடுகிறீர்கள். மூன்று கிழமையாக அந்தப் பிறகு வரவில்லை. கடிதத்தை இடையில் வெட்ட முடியாது. நாற்பது வருடம் மற்றவர்களின் கடிதத்துக்கு முத்திரை குத்தியவனுக்கு அது தெரியாதா?

விசயத்துக்கு வருகிறேன். ஸப்ராஸுக்கும் ஸஃப்னாவுக்கும் நிக்காஹ் நாள் குறிக்கத்தான் தாங்கள் அன்றைக்குக் குடும்பத்தோடு வந்தீர்கள். மஃரிப் தொழுதுவிட்டு, மழை விட்ட கையோடு, வாய் நிறைய ஸலாம் சொல்லிக்கொண்டு எங்கள் இரும்புக் கேற்றில் கை வைத்தீர்கள். அந்த வயதில் அவ்வளவு உயரம் துள்ளுகிற மனிதரை நான் இதுவரை கண்டதில்லை. வீடு முழுக்க இருட்டாகிவிட்டது. கசிவு கண்டால் கரண்டை வெட்டுகிற ட்ரிப் சுவிட்சை நான் தூக்கத் தூக்க அது விழுந்துகொண்டே இருந்தது. அல்ஹம்துலில்லாஹ், அது விழுந்ததால்தான் இன்றைக்கு இந்தக் கடிதத்தைத் தங்கள் பெயருக்கு எழுத முடிகிறது. மெழுகுதிரி வெளிச்சத்தில் வட்டிலாப்பம் சாப்பிட்டீர்கள், நஃபீஸா தந்த இரண்டு போத்தல் தேனை வாங்கிக்கொண்டீர்கள், நிக்காஹ் நாளைப் பற்றி ஒரு கதையும் இல்லாமல் வேனில் ஏறிவிட்டீர்கள். அதற்குப் பிறகு உங்கள் வீட்டிலிருந்து வந்த ஒரே செய்தி, ராத்தா நஃபீஸாவுக்கு ஃபோன் எடுத்துச் சொன்னதுதான்: “தேன் போத்தல் ரெண்டும் புத்தளம் வரைக்கும் சீற்றுக்குக் கீழ உருண்டுகிட்டே வந்திச்சி, ஒரு சொட்டு ஒழுகல்ல புள்ள!” தேன் ஒழுகாதது சந்தோஷம். ஆனால் எங்கள் பிள்ளையைப் பற்றி ஒரு சொல் வந்திருந்தால் இன்னும் சந்தோஷமாக இருந்திருக்கும்.

இந்தக் கரண்ட் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டியது என் கடமை. தாங்கள் வருகிறீர்கள் என்று கேற்றுத் தூணில் புதிதாக விளக்குப் போட நினைத்தேன். மழைக்கு நனையும் இடம், கடல் காற்று வேறு. தூணில் இருக்கும் பெட்டிக்குள் வயர் நுழைகிற நாலு துளையிலும் கேபிள் கிளாண்ட் பூட்ட வேண்டும், அது வயரைக் கழுத்தோடு இறுக்கிப் பிடித்துத் தண்ணீரை உள்ளே விடாது என்று வின்சன்ட் சொன்னான். வின்சன்ட் எங்கள் பகுதியில் கரண்ட் வேலை செய்கிறவன். ஹார்ட்வெயார் கடைக்காரரான உங்களுக்கு நான் கிளாண்டை விளக்குவது உப்பளத்து ஊரான புத்தளத்தாருக்கு உப்பை விளக்குவது போலத்தான், மன்னிக்கவும். சாமான் வாங்க எங்கே போவது? சம்பந்தியாகப் போகிறவர் புத்தளத்தில் கடை வைத்திருக்க வேறு கடைப்படி ஏறுவேனா? பஸ் ஏறி உங்கள் கடைக்கே வந்தேன். நீங்கள் இல்லை, ஸப்ராஸ் இருந்தார்.

நான் கொண்டுபோன வயர்த் துண்டை வாங்கி, ஒரு சின்னக் கறுப்பு நைலோன் கிளாண்டில் விட்டு முறுக்கி, “இழுத்துப் பாருங்க மாமா” என்றார். இழுத்தேன், வரவில்லை. “இதுதான் உங்கட வயருக்குச் சரி” என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. பெண்ணின் வாப்பா மாப்பிள்ளை கடையில் ஏறி, இருப்பதில் சின்னதை வாங்கிக்கொண்டு போனான் என்று நாளைக்கு ஒரு கதை வரக்கூடாது.

“இருக்கிறதுல பெரிசு எது மகன்?”

“பெரிசு மோட்டர் வயருக்கு மாமா. உங்கட வயர் அதுக்குள்ள ஆடும். ஆடினா தண்ணி போகும்.”

“அந்தப் பளபளக்கிற பித்தளை?”

“கடல் காத்துக்குப் பச்ச புடிக்கும் மாமா.”

மூன்று தரம் சொன்னார். என்னைச் செலவுக்குள் தள்ள மனமில்லாமல் சொல்கிறார், என்ன மரியாதையான பிள்ளை என்று நெகிழ்ந்துபோய், பித்தளையில் ஆகப் பெரியதாக நாலு வாங்கினேன். வளருகிற பிள்ளைக்குச் சட்டை எடுக்கும்போது இரண்டு சைஸ் பெரிதாக எடுப்பதில்லையா? வயர் வளராது என்பது வீட்டுக்கு வந்து பூட்டும்போதுதான் உறைத்தது. அதற்குள்ளே வயர் வாப்பாவின் காற்சட்டையைப் போட்ட பொடியன் போல நின்றது. சுற்றிவர பழைய சாரத் துணியைத் திணித்தேன். போதவில்லை. ரப்பர் செருப்பொன்றை வெட்டித் திணித்தேன். வலது செருப்பு. இடது செருப்பு இன்னும் துணையில்லாமல் வாசலில் கிடக்கிறது. வயர் மேலிருந்து இறங்கினால் பார்வைக்கு அழகு என்று கிளாண்டின் வாய் வானத்தைப் பார்க்கும்படி பூட்டினேன். வேலையை வின்சன்டிடம் கொடுத்திருக்கலாம். ஆனால் மகளின் காரியத்துக்கு நம் கையால் ஒரு வேலை செய்யவேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

நீங்கள் போன மறுநாள் வின்சன்ட் வந்து பெட்டியைத் திறந்தான். உள்ளே இருந்த தண்ணீரில் முகம் கழுவலாம். “மழைக்கு வாயப் பொளந்து வெச்சிருக்கீங்களே சேர், வயரக் கீழால கொண்டு வந்து ஏத்த வேணாமா?” என்றான். அது என் பிழை, ஏற்றுக்கொள்கிறேன். செருப்பைக் கண்டு அவன் சிரித்த சிரிப்பையும் ஏற்றுக்கொண்டேன். அதற்குப் பிறகு கிளாண்ட் நாலையும் கழற்றிக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு அவன் சொன்னதைத்தான் உங்களிடம் எப்படிச் சொல்வது என்று மூன்று கிழமையாக யோசிக்கிறேன். “பெட்டியோட ஒட்டுற எடத்துல தட்டையா ஒரு ரப்பர் வளையம் இருக்கும் சேர். நாலுலயும் இல்ல. அது இல்லாம எதப் பூட்டினாலும் தண்ணி போகத்தான் செய்யும்.”

நானா, தவறாக நினைக்க வேண்டாம். உங்கள் கடையில் வளையம் இல்லாத கிளாண்ட் விற்கிறீர்கள் என்று நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். செய்த இடத்தில் மறந்திருக்கலாம். கப்பலில் விழுந்திருக்கலாம். எலி தின்றிருக்கலாம், எலிக்கு ரப்பர் பிடிக்கும் என்று கேள்வி. ஆனாலும் மிச்சமிருக்கும் பெட்டியை ஒருதரம் திறந்து பார்ப்பது நல்லது. உங்களுக்கு அடித்தது உங்கள் கடைச் சாமானின் கரண்ட் என்றபடியால் குடும்பத்துக்குள்ளேயே முடிந்துபோயிற்று. நாளைக்கு வேறு யாருடைய வாசலிலோ வேறு யாருடைய சம்பந்தியோ துள்ளினால் அந்தப் பாவம் யாருக்கு? ஒரு தம்பியின் ஸ்தானத்திலிருந்து சொல்கிறேன், அவ்வளவுதான்.

இப்போது ஊரில் எங்கள் வீட்டுக்கு ஒரு பெயர் வந்துவிட்டது. “மாப்பிள்ளட வாப்பாவுக்குக் கரண்ட் வெச்ச வீடு” என்கிறார்கள். மீன் விற்கிற ஹாசிம்கூடக் கேற்றைத் தொடாமல் தெருவில் நின்றே கூப்பிடுகிறான். ஸஃப்னா என்னோடு கதைப்பதைக் குறைத்துவிட்டாள். என் தேநீரில் சீனியையும் குறைத்துவிட்டாள். டொக்டருக்குச் சந்தோஷம், எனக்கில்லை. முந்தாநாள் ஒரே ஒரு வசனம் சொன்னாள்: “அவர் சொன்ன சைஸ வாங்கியிருக்கலாமே வாப்பா.” அவராம். நாளே குறிக்கவில்லை. அவர் என்ன சைஸ் சொன்னார் என்று உனக்கெப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. நீங்களும் ஸப்ராஸிடம் கேட்க வேண்டாம்.

ஒளிக்காமல் எழுதுகிறேன் நானா, எனக்குப் பயமாக இருக்கிறது. விற்க நிற்கிற இடத்தில், இது வேண்டாம், சின்னது போதும் என்று மூன்று தரம் சொன்ன பிள்ளை அவர். அப்படி ஒரு பிள்ளையை என் மகளுக்கு நான் வேறெங்கே தேடுவேன்? ஒரு ரப்பர் வளையத்தால் இந்தச் சம்பந்தம் கைவிட்டுப் போனால் என்னால் தாங்க முடியாது. வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு, நல்ல பகல் வெளிச்சத்தில், மீண்டும் ஒருமுறை வரவேண்டும் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். ராத்தாவுக்கும் ஸப்ராஸுக்கும் எங்கள் அனைவரின் ஸலாம். உங்கள் கடைக்கும் கைக்கும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.

இப்படிக்கு,
சம்பந்தி என்று எழுத ஆசைப்பட்டும் இன்னும் துணியாத,
எம். மஹ்ரூப்.

பி.கு.: அவளுடைய ஸலாமையும் சேர்க்க வேண்டும் என்று கடிதத்தை நஃபீஸாவிடம் வாசித்துக் காட்டினேன். ரப்பர் வளையம் வந்த இடத்தில் அவள் எழும்பிக் குசினிக்குள் போய், வினாகிரிப் போத்தலையும் தேங்காயெண்ணெய்ப் போத்தலையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்து மூடியைக் கழற்றினாள். இரண்டு மூடிக்குள்ளும் கறுப்பாக, தட்டையாக, ஒவ்வொரு வளையம். நான் சாமான் பையைக் குசினி மேசையில் வைத்துவிட்டுப் போனபோது சின்னப் பொலித்தீன் பையில் தனியாக இருந்தனவாம். “போத்தல் ஒழுகுது, மூடிக்கு வாசர் வாங்கித் தாங்க எண்டு முப்பது வருஷமாக் கேக்கிறேன். கடைசியில கேக்காமலே வாங்கிட்டு வந்திருக்கிறாரே மனிசன் எண்டு அண்டைக்கு எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா?” என்றாள். நான் பெரியதாக வாங்கியபடியால்தான் அவை போத்தல் மூடிக்கு அளவாக இருந்தன. சின்னதை வாங்கியிருந்தால் அவளுக்கும் உதவியிராது.

மற்ற இரண்டும் எங்கே என்று கேட்டேன். நானா, தயவுசெய்து உங்கள் வீட்டுத் தேன் போத்தல்களின் மூடியைக் கழற்றிப் பாருங்கள்.

எழுதிய கடிதத்தைக் கிழிக்கத் தபால்காரன் கைக்கு வராது. ஆகவே மேலே உள்ளதில் ஸலாமையும் தொப்பியையும் ஸப்ராஸைப் பற்றி எழுதியதையும் மட்டும் எடுத்துக்கொண்டு, எலியிலிருந்து கப்பல் வரை மற்றதையெல்லாம் விட்டுவிடுங்கள். வளையங்களைத் திருப்பி அனுப்ப வேண்டாம், தேன் ஒழுகும். ஸப்ராஸ் சொன்ன அந்தச் சின்ன நைலோனில் நாலை அவர் கையாலேயே கொண்டுவரச் சொல்லுங்கள், வின்சன்ட் பூட்டுவான். கேற்றுக்குப் போகும் கரண்டை வெட்டிவிட்டேன். உங்களுக்கு நம்பிக்கை வரவேண்டும் என்பதற்காக வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததிலிருந்து உங்கள் வேன் வரும்வரை, வெறுங்காலோடு, இரண்டு கையாலும் கேற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். செருப்பும் ஒன்றுதானே இருக்கிறது.