தபால்கார ஆமையின் சாயங்காலம்

ஒரு சாயங்காலத்தின் விலை பதினெட்டு ரூபாய். டப்பா மூன்று வீதம் ஆறு டப்பா ஆரஞ்சுச் சாயம். முப்பது வருடங்களுக்கு முன்னால் கார்ட்டூன் கம்பெனியில் அதுதான் அடக்க விலை. இன்றைக்கு அதே சாயங்காலத்தைத் திரையில் பார்த்துவிட்டு, நரை விழுந்த ஆண்கள் ஆபீஸ் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறார்களாம். கண்காட்சி நடத்துகிற பெண் போனில் சொன்னாள்.

"சார், அந்தச் சாயங்காலம் உங்களுக்கு எங்கேருந்து வந்துச்சு? கண்காட்சியே அதைப் பத்தித்தான்."

வானம் போனை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டார். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. மற்றவர்கள் கண்ணாடித் தாளில் ஆளையும் ஆமையையும் வரைய, இவர் அதற்கு அடியில் வைக்கிற தெருவையும் ஆகாயத்தையும் மட்டும் வரைந்ததால் கம்பெனியில் ஒட்டிக்கொண்ட பெயர் இது. 'தபால்கார ஆமை' ஐம்பத்திரண்டு வாரம் ஓடியது. ஐம்பத்திரண்டு வாரமும் ஆகாயம் ஆரஞ்சாகவே இருந்தது.

எங்கிருந்து வந்தது என்றால், ஸ்டோரிலிருந்து வந்தது.

கம்பெனியின் ஸ்டோர்காரருக்கு அரைக்காசு என்று பெயர். அரைக் காசு குறையாமல் எந்தச் சரக்கையும் வாங்கியவர் இல்லை. ஒருநாள் நீலம் தீர்ந்துவிட்டது, இனிமேல் வராது, கடையை மூடுகிற ஒருவனிடம் ஆரஞ்சு முழுவதையும் அடிமாட்டு விலைக்கு அள்ளிவிட்டேன் என்று வந்து நின்றார். முதலாளி அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். ஊரை எழுப்புகிற சேவலைப் பற்றித்தான் முதலில் கதை எழுதியிருந்தார்கள். ஆகாயம் முழுக்க அந்தி நிறத்தில் இருக்க, சேவல் கூவினால் அதற்குப் புத்தி பேதலித்த மாதிரி இருந்தது. கதாசிரியர் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்து சேவலை ஆமையாக்கினார். காலையில் கடிதங்களோடு புறப்படுகிற ஆமை, தெருக்கோடிக்குப் போய்ச் சேரும்போது சாயங்காலம் ஆகியிருக்கும். கலை அப்படித்தான் பிறந்தது.

இதை எப்படிச் சொல்வது? சமையலறையில் மனைவி குழாயை மூடிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

"சின்ன வயசுல நான் இருந்த வீட்டு ஜன்னல்லேருந்தும்மா" என்றார் வானம்.

அவர் சின்ன வயதில் இருந்த வீட்டு ஜன்னலுக்கு ஒரு முழத் தூரத்தில் மாவு மில்லின் சுவர். அதன் வழியாக வந்தது மாவு மட்டும்தான்.

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, ஜன்னலின் புகைப்படம் இருக்குமா என்று கேட்டாள்.

பொய் சொல்வதற்கு அவருக்கு ஆசையில்லை. மேஜை இழுப்பறையில் ஒரு லாரி ஓட்டுநர் எழுதிய கடிதம் கிடந்தது. 'அம்மா வேலையிலிருந்து வருவதும் ஆமை வீடு சேர்வதும் ஒரே நேரமாக இருக்கும். இப்போது ஆமை மட்டும் வருகிறது' என்று எழுதியிருந்தான். வானம் அதை நூறு தடவையாவது படித்திருப்பார். ஒவ்வொரு தடவையும், அனுப்பாத சரக்குக்கு முன்பணம் வாங்கிய வியாபாரி மாதிரி முகம் சிறுத்துப்போவார். ஸ்டோரில் மிஞ்சிய டப்பாக்களுக்காகத்தான் தம்பி நீ அழுகிறாய் என்று அவனுக்கு எந்த வாயால் சொல்வது? தான் வரைந்தது எங்கிருந்தாவது வந்திருக்க வேண்டும் என்று இந்த வயதில் அவருக்கே ஒரு ஏக்கம் இருந்தது.

புகைப்படத்துக்குச் சகலை வீடு கை கொடுத்தது. மனைவியின் அக்கா வீட்டு முன்னறை ஜன்னல் பார்வைக்குப் பழசாகத் தெரியும். ஒரு படம் எடுத்து, அடியில் போட அவள் கேட்ட விலாசத்தையும் சேர்த்து அனுப்பினார். விஷயம் முடிந்தது என்று நினைத்தார்.

மூன்றாம் நாள் சகலை போன் செய்தார்.

"சகலை, ஒரு பொண்ணு கேமராவோட வந்து நிக்குது. நீங்க இந்த வீட்டுலதான் வளர்ந்தீங்களாமே. நான் இதைக் கட்டியே எட்டு வருஷம்தான் ஆகுது."

"பழைய வீட்டை இடிச்சுட்டுக் கட்டினதா சொல்லுங்க. ஜன்னல் மட்டும் பழசுன்னு சொல்லுங்க."

"சொல்லலாம். ஆனா பாவம், அது மத்தியானத்திலேருந்து சூரியன் மறையறதைப் படம் எடுக்கக் காத்துக்கிட்டிருக்கு. என் ஜன்னல் கிழக்குப் பார்த்தது, சகலை."

போனை அவளிடம் கொடுக்கச் சொன்னார் வானம். அவர் பார்த்து வளர்ந்தது காலை வெயில்தான் என்றும், அந்த வீட்டை விட்டுப் போன பிறகு அது மனதுக்குள் சாயங்காலமாக மாறிவிட்டது என்றும் விளக்கினார். சொல்லி முடித்தபோது அவருக்கே அது பாதி நம்பும்படி இருந்தது. அவள் அதைக் கண்காட்சியின் முதல் சுவரில், ஆள் உயர எழுத்தில் எழுதிவிட்டாள்: 'சாயங்காலம் என்பது திரும்பி வர மறுத்த காலை.'

அதோடு நின்றிருக்கலாம். படம் போதாது, ஜன்னலே வேண்டும் என்றாள்.

சகலை வாடகை பேசினார், முன்பணம் பேசினார், ஜன்னலுக்குக் கீழே தன் பெயர் இருக்க வேண்டும் என்றும் பேசினார். தச்சன் வந்து சட்டத்தோடு பெயர்த்தபோது, உள்பக்கம் மரக்கடை முத்திரையும் தேதியும் பளிச்சென்று இருந்தன. எட்டு வருடத்துக்கு முந்தைய தேதி. சகலை அதை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கச் சொன்னார். தேய்த்த இடம் புதுமரமாகப் பல்லிளித்தது. அதை மறைக்க வானமே போய்ப் பழுப்புச் சாயம் அடித்தார். அடித்த பிறகு மற்ற மூன்று பக்கமும் புதுசாகத் தெரிந்தன. அவற்றுக்கும் அடித்தார். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து ஒரு ஜன்னலைக் கிழவனாக்கினார். அவர் வாழ்க்கையிலேயே ஆரஞ்சு கலக்காமல் செய்த ஒரே வேலை அதுதான்.

சகலை வீட்டு முன்னறையில் ஜன்னல் இருந்த இடத்தில் போர்வை தொங்கியது. அக்காவும் தங்கையும் பேசிக்கொள்வதை நிறுத்திவிட்டார்கள்.

"ஒரு டப்பா சாயத்தை மறைக்க ஒரு வீட்டுச் சுவத்தையே பேத்தாச்சு" என்றாள் மனைவி. "உண்மையைச் சொல்லியிருந்தா இந்நேரம் ஒரு சிரிப்போட போயிருக்கும்."

"அந்த லாரிக்காரன் சிரிக்க மாட்டான்" என்றார் வானம்.

அவள் அவர் முன்னால் தட்டை வைத்தாள்.

கண்காட்சிக்கு முந்தின நாள் அந்தப் பெண் மறுபடி கூப்பிட்டாள். குரலில் சந்தோஷம் தாங்கவில்லை. உங்கள் கம்பெனி ஆட்களில் இன்னும் ஒருவர் உயிரோடு இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டேன், நாளைக்கு அவர்தான் ஜன்னலைத் திறந்துவைத்து ஆரஞ்சைப் பற்றி நாலு வார்த்தை பேசப்போகிறார் என்றாள்.

"யாரு?"

"உங்க ஸ்டோர்காரர், சார்."

ஆரஞ்சைப் பற்றி அரைக்காசு பேசினால் எதைப் பேசுவார்? கேட்ட விலை, குறைத்த விலை, முதலாளி முதுகில் தட்டியது. கூட்டத்தில் அந்த லாரிக்காரனும் இருப்பான்.

வானம் அன்று பிற்பகலே விலாசம் வாங்கித் தேடிக்கொண்டு போனார். மூன்றாம் மாடியில் ஒற்றை அறை. மேற்கே ஒரு பால்கனி. அரைக்காசு அதன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, கீழே நிற்கிற துடைப்பம் விற்கிறவனிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தார். உடம்பு பாதியாகியிருந்தது, குரல் அப்படியே இருந்தது. விலை பாதிக்கு வரும்வரை வானம் காத்திருந்தார். வந்ததும் அரைக்காசு, வேண்டாம் போ என்று துடைப்பக்காரனை அனுப்பிவிட்டார். கை துருப்பிடித்துவிடக் கூடாதாம், அதற்காகத்தான் பேசிப் பார்த்தாராம்.

"உட்காரு வானம். நீ வருவேன்னு தெரியும்."

"அண்ணே, நாளைக்கு மேடையில..."

"அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். அந்த ஆரஞ்சு விஷயத்தை நீ யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது."

மூன்று மாடி ஏறி வானம் கேட்க வந்ததை அவர் கேட்கிறார். இனாமாகக் கிடைக்கிறது என்று வாயை மூடிக்கொண்டு திரும்பியிருக்க வேண்டும். ஆனால் வியாபாரத்தில் எதிராளி முந்திக்கொண்டு இறங்கிவந்தால் யாருக்குமே சந்தேகம் வரும்.

"நான் சொன்னா உங்களுக்கு என்னண்ணே நஷ்டம்? மலிவா வாங்கினது உங்களுக்குப் பெருமைதானே?"

அரைக்காசு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்ப உனக்கு ஒண்ணுமே தெரியாதா?"

"என்ன தெரியணும்?"

"நீலம் எண்பது டப்பா பின் அலமாரியிலேயே இருந்துச்சு."

வானம் எழுந்து நின்றார். ஒரு வருடம் முழுக்க நீலத்துக்காக அந்த ஸ்டோர் கம்பிக் கதவுக்கு வெளியே நின்று கெஞ்சியது அவர்தான். கடைசியில் ஒரு சின்னக் குளத்துக்காவது கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். அதையெல்லாம் கொட்டித் தீர்த்தார். சேவலைக் கொன்றதையும் சொன்னார், போர்வை தொங்குகிற ஜன்னலையும் சொன்னார். சொல்லச் சொல்லக் குரல் உயர்ந்தது. வெயில் பால்கனிக் கம்பிகளைத் தாண்டி அறைக்குள் இறங்கத் தொடங்கியிருந்தது. அரைக்காசு தன் நாற்காலியை அதன் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"ஏன் பண்ணீங்க?" என்று கேட்டு நிறுத்தினார் வானம்.

அரைக்காசு பழைய பழக்கத்தில் விரல்களை மடக்கி ஏதோ கூட்டினார், கழித்தார். பிறகு வெயிலைப் பார்த்தபடியே, யாருக்காவது தெரிந்தால் பேர் கெட்டுவிடும் என்பது போல மெல்லச் சொன்னார்:

"ஸ்டோருக்கு ஜன்னல் கிடையாது, வானம், விடியறதுக்கு முன்னாடி உள்ளே போனா விளக்கு வச்சப்புறம்தான் வெளியே விடுவாங்க, அதனால வாழ்க்கையிலேயே ஒரே ஒரு தடவை பேரம் பேசாம, அஞ்சரை சொன்ன டப்பாவை அஞ்சரைக்கே வாங்கி, மூணுன்னு எழுதி, முந்நூத்திப் பன்னெண்டு டப்பாவுக்கு வித்தியாசம் எழுநூத்தி எண்பதை என் சம்பளத்துலேருந்து கட்டினேன், பதினோரு வருஷத்துல நான் பார்க்காத சாயங்காலம் மூவாயிரத்து முந்நூறு, நீ வரைஞ்சு கொடுத்தது ஐம்பத்திரண்டு, மீதி மூவாயிரத்து இருநூத்தி நாப்பத்தெட்டு இன்னும் பாக்கி."